கூழைக்கடா வீட்டுக்கு வந்த பக்கம்

சார், அந்தக் கதையின் முடிவை நான் எழுதவில்லை. நீங்கள் எழுதினீர்கள். எழுதி, அடியில் என் பெயரைப் போட்டீர்கள்.

ஆவடி டாங்கித் தொழிற்சாலை குவார்ட்டர்ஸில் என்னோடு வளர்ந்தவர்களே, ஒன்றுகூடல் மலருக்குப் பழைய நினைவு ஏதாவது எழுதிக் கொடு என்று மூன்று முறை கேட்டுவிட்டீர்கள். போன மாதம் சார், தான் நடத்திப் பத்திரமாக வைத்திருந்த நம் கையெழுத்துப் பத்திரிகையிலிருந்து என் கதையைப் படம் எடுத்து வாட்ஸப் குழுவில் போட்டார். "பதினோரு வயதில் நம் வீட்டுப் பெண் எழுதியது, மனதைத் தொடும் முடிவு" என்று மேலே ஒரு வரி. நீங்கள் கும்பிடு போட்டீர்கள், பூ போட்டீர்கள், அழுகிற மஞ்சள் மூஞ்சி போட்டீர்கள். அந்தக் கதையை மலரில் சேர்க்கப் போகிறீர்களாம். சேருங்கள். பக்கத்திலேயே இதையும் சேருங்கள். ஒரு வரி வெட்டக் கூடாது. எனக்கு நாசூக்காக எழுத வராது. முப்பத்தோரு வருடம் அம்பத்தூர் எஸ்டேட்டில் உதிரிபாகம் சரிபார்த்தவள் நான். இருப்பதை இருக்கிறபடி எழுதித்தான் பழக்கம்.

அந்த வருடம் கோடை விடுமுறைக்குக் கொஞ்சம் முன்னால் என் வலது கட்டைவிரல் மேல் அரிசி அளவில் ஒரு வெள்ளைப் புள்ளி வந்தது. சுண்ணாம்பு என்று நினைத்து அம்மா முந்தானையில் எச்சில் தொட்டுத் துடைத்தாள். போகவில்லை. தேங்காய் நாரால் தேய்த்தாள். தோல் சிவந்தது, வெள்ளை அப்படியே இருந்தது. ஒரு மாதத்தில் அது மணிக்கட்டு வரை வந்துவிட்டது. உதட்டோரத்திலும் ஒன்று கிளம்பியது.

அது தொற்றாது என்று தொழிற்சாலை ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னார். அம்மா அதை எங்கள் லைனில் வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். சொல்லாமல் இருந்திருந்தால் பாதிப் பேருக்குத் தெரியாமலே போயிருக்கும்.

உங்களில் சிலர் என்னை மேப்பு என்று கூப்பிட்டது நினைவிருக்கிறதா? "ஏய் மேப்பு, இன்னிக்கு எந்த ஸ்டேட்டு புச்சா சேந்துச்சு?" என்று தண்ணீர்த் தொட்டி மேலிருந்து கத்துவீர்கள். அதற்காக நான் இப்போது கோபப்படவில்லை. கேலி செய்தவர்கள் என்னைப் பார்த்தாவது செய்தீர்கள். எதிர்வீட்டு அம்மா தினமும் எனக்கு முறுக்கு கொடுப்பார், என் உள்ளங்கைக்கு ஒரு சாண் மேலே பிடித்துப் போடுவார். உடைந்த துண்டு கீழே விழும். அதை நான் பொறுக்கித் தின்பேன். அவருடைய மகள்தான் என் சிநேகிதி. நாங்கள் இரண்டு பேரும் ஒரே டிபன் டப்பாவில் சாப்பிட்டவர்கள். அந்தக் கோடையில் அவள் அவர்கள் வீட்டு ஜன்னலுக்கு உள்ளே நின்றாள், நான் வெளியே நின்றேன். அப்படியே கொஞ்ச நாள் பேசினோம். பிறகு ஜன்னலுக்குத் திரை வந்துவிட்டது.

வைத்தியம் இரண்டு வகை. கார்போகரிசி மூலிகை எண்ணெயைத் தடவிக்கொண்டு காலையில் ஒரு மணி நேரம் கொல்லைப் படியில் வெயிலில் உட்கார வேண்டும். அந்த எண்ணெயின் கசப்பு வாசனை இன்னும் என் மூக்கில் இருக்கிறது. சில நாள் தோல் கொப்புளித்துவிடும். பின்பக்கம் டாங்கி ஓடவிட்டுப் பார்க்கும் சத்தம் தரையில் அதிரும், படி கிடுகிடுக்கும். நான் தனியாக உட்கார்ந்து கொப்புளத்தை எண்ணுவேன். இரண்டாவது, பத்தியம். புளி இல்லை, கத்தரிக்காய் இல்லை, மீன் இல்லை. மீன் தின்றதால்தான் வந்தது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அதோடு மாங்காட்டு அம்மனுக்கு ஆறு வாரம் எலுமிச்சம்பழம்.

புளியை விட்டுவிட்டேன். மீனை என்னால் விட முடியவில்லை. பக்கத்து வீட்டில் வறுத்தால் எனக்குக் கண்ணில் தண்ணீர் வரும். சாயங்காலங்களில் ஏரிக்கரைக்குப் போய் உட்கார்ந்துகொள்வேன். விளையாட யாரும் இல்லை. அங்கே கூழைக்கடா வரும். நீங்களும் பார்த்திருப்பீர்கள். வெள்ளையும் சாம்பலுமாக, கழுத்து வளைந்து, தாடைக்கு அடியில் பை தொங்க, பார்க்கவே கோணல்மாணலாக இருக்கும். ஆனால் பை நிறைய மீன். அதன் கோலத்தைப் பற்றி மற்ற பறவைகள் ஒன்றும் கேட்கவில்லை. நான் மணிக்கணக்காகப் பார்த்தேன்.

அப்போதுதான் கதை எழுதினேன்.

அதற்கு முன்னால் ஒன்றைச் சொல்ல வேண்டும். குவார்ட்டர்ஸ் மன்றத்தின் வாசகசாலையில் இருந்த சிறுவர் புத்தகங்களை அந்தக் கோடையில் நான் ஒன்று விடாமல் படித்தேன். உருவம் மாறியவர்களின் கதையாகத் தேடிப் படித்தேன். கிளியானவன், பாம்பானவன், கல்லானவள், குரங்கு முகம் வந்த ராணி. எல்லாக் கதையும் ஒரே மாதிரிதான். நல்லவராக இருந்தால் கடைசிப் பக்கத்தில் பழைய உருவம் வந்துவிடும், கல்யாணம் நடக்கும். கெட்டவராக இருந்தால் அப்படியே கிடப்பார், இல்லாவிட்டால் சாவார். மாறிய உருவத்தோடு மறுநாள் காலையில் எழுந்து பல் தேய்த்த ஆள் ஒருவர்கூட இல்லை. நான் தேடியது அந்த ஆளைத்தான். கிடைக்காததால் நானே எழுதினேன்.

என் கதை இதுதான். ஒரு பெண்ணுக்குக் கையில் வெள்ளை வருகிறது. வெள்ளை வளர்கிறது. ஒரு நாள் அதில் இறகு முளைக்கிறது. வாய் நீள்கிறது, தாடையில் பை தொங்குகிறது. பள்ளிக்கூடத்தில் விட மாட்டேன் என்கிறார்கள். அவள் ஏரிக்குப் போய் மீன் பிடிக்கிறாள். சாயங்காலம் தொழிற்சாலைச் சங்கு ஊதியதும் வீட்டுக்குப் பறந்து வருகிறாள். வாசல் சின்னது, இறக்கை இடிக்கிறது. "மெதுவா வாடி, சுவத்துல சுண்ணாம்பு உதிருது" என்று அம்மா திட்டுகிறாள். அப்பா கட்டிலை நகர்த்தி இடம் விடுகிறார். பையிலிருந்த மீனை எடுத்து அம்மா குழம்பு வைக்கிறாள். எல்லோரும் சாப்பிடுகிறார்கள். அவ்வளவுதான் கதை. பள்ளி நோட்டில் ஏழு பக்கம். ஏழாவது பக்கம் முழுக்கச் சாப்பாடு.

நோட்டுத் தாளைக் கிழித்து, ஊசி நூலால் தைத்து, பத்திரிகைக்காகச் சாரிடம் கொடுத்தேன்.

பிள்ளைகளே, நம் பத்திரிகை எப்படி ஓடியது என்பதை உங்கள் பேரப்பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். ஒரே ஒரு பிரதிதான். முழுவதையும் சார்தான் தன் கையால் எழுதுவார். தொழிற்சாலையில் டிராயிங் பிரிவு அவருக்கு. அச்சு மாதிரி எழுத்து. அட்டையில் போஸ்டர் கலரில் படம். நம் லைனில் முப்பது வீடு. ஒரு வீட்டில் ஒரு நாள். மறுநாள் சாயங்காலம் சங்கு ஊதியதும் அடுத்த வீட்டில் கொடுத்துவிட வேண்டும். எங்கள் வீடு கடைசி, ஏரிப் பக்கம். எங்களிடம் வரும்போது அதில் இருபத்தொன்பது சமையலறை வாசனை இருக்கும். காபி வட்டம், மஞ்சள் விரல் தடம், நடுவில் ஒட்டிக்கொண்ட சோற்றுப் பருக்கை. பின்னால் கோடு போட்ட பக்கங்களில் ஒவ்வொரு வீட்டுக்காரரும் கருத்து எழுதிக் கதவு எண்ணோடு கையெழுத்துப் போட்டிருப்பார்கள்.

அந்த இதழில் என் கதை வந்திருக்கிறது என்று முதல் வீட்டிலிருந்தே செய்தி வந்துவிட்டது. இதழ் எங்களிடம் வர ஒரு மாதம். அந்த மாதம் முழுக்க எல்லோரும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். தண்ணீர் பிடிக்கப் போனால் பேச்சு நின்றது. "நல்லா எழுதியிருக்கேம்மா" என்றார்கள், சொல்லிவிட்டு என் கையைப் பார்த்தார்கள். எதிர்வீட்டு அம்மா ஒரு நாள் முறுக்கு போடும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டார். சாப்பாட்டுப் பக்கம் அவ்வளவு நன்றாக வந்திருக்கிறது போல என்று நினைத்துக்கொண்டேன்.

இதழ் வந்தது. ஏழாவது பக்கம் இல்லை. பெண் ஏரியில் தனியாக மிதப்பதோடு கதை நின்றிருந்தது. கீழே கட்டம் கட்டி, "முடிவு உங்கள் கையில்" என்று சார் எழுதியிருந்தார். பின்பக்கத்தில் இரண்டு கட்டங்கள். ஒன்று, "பழைய உருவம் திரும்பிப் பெற்றோருடன் சேர்கிறாள்." இரண்டு, "ஏரியிலேயே பரிதாபமாக இறக்கிறாள்." வேண்டிய கட்டத்தில் குறி போட்டுக் கையெழுத்து.

அந்தப் பெண் யார் என்று தெரியாதவர் அந்த லைனில் யார் இருந்தார்கள்?

இருபத்தொன்பது வீட்டுக் குறியையும் நான் படித்தேன். யாருடைய கையெழுத்து எது என்று எனக்குத் தெரியும். அநேகமாக எல்லோரும் முதல் கட்டம். நான்கு பேர் இரண்டாவது. எதிர்வீட்டு அம்மா இரண்டாவதில் குறி போட்டு, பக்கத்தில் சின்னதாக "பாவம், நிம்மதியாகப் போய்ச் சேரட்டும்" என்று எழுதியிருந்தார். அவர் கெட்டவர் இல்லை. கதை அவரை அழ வைத்திருக்கிறது, அழ வைக்கிற முடிவைக் கேட்டிருக்கிறார். இதெல்லாம் இப்போது புரிகிறது. பதினோரு வயதில் எனக்குப் புரிந்தது, முறுக்கு கொடுக்கிற அம்மா நான் செத்தால் தேவலை என்கிறார் என்பது மட்டும்தான்.

அப்பா ஷிப்ட் முடிந்து வந்து, கை கழுவி, பேனாவை எடுத்தார். வெகு நேரம் அந்தப் பக்கத்தைப் பார்த்தார். தாளைத் திருப்பிப் பின்னாலும் பார்த்தார்.

"இதுல ரெண்டுதான் இருக்கா?" என்று அம்மாவைக் கேட்டார்.

"ரெண்டுதான். மொதக் கட்டத்துல போடுங்க, வேற எதுல போடுவீங்க?"

முதல் கட்டத்தில் குறி போட்டார். கதவு எண்ணை எழுதி, கையெழுத்துப் போட்டு, பேனாவை மூடினார். என் பக்கம் திரும்பவே இல்லை. அப்பாவுக்கும் நான் இப்படி இருப்பது பிடிக்கவில்லை என்று அன்றைக்கு முடிவு செய்தேன். அவர் இறந்த பிறகுதான் அந்தக் கேள்வி எனக்குள் மறுபடி ஓடியது. ரெண்டுதான் இருக்கா என்று கேட்ட மனிதர் மூன்றாவதைத் தேடியிருக்கிறார். அவரிடம் ஒரு நாளும் இதைப் பற்றி நான் பேசியதில்லை.

மறுநாள் சாரின் வீட்டுக்குப் போனேன். சார் என்னை உட்கார வைத்தார், பிஸ்கட் கொடுத்தார். என் தலையைத் தடவினார். லைனில் என்னைத் தொட்ட ஒரு சிலரில் அவர் ஒருவர். அதை மறைக்க மாட்டேன்.

"ஏழாவது பக்கம் எங்க சார்?"

"அது முடிவே இல்லையேம்மா. கதைன்னா ஒண்ணு நல்லா முடியணும், இல்ல அழ வைக்கணும். பறவையாவே விட்டா படிக்கிறவங்களுக்கு எப்படித் திருப்தி வரும்?"

"அவதான் வீட்டுக்கு வந்துட்டாளே சார்."

"பறவையாத்தானே வந்தா?"

பிஸ்கட் வாயில் இருந்தது. "கவலைப்படாதே, அவளுக்கு நல்லதுதான் நடக்கும்" என்று வாசல் வரை வந்து அனுப்பினார்.

அடுத்த இதழில் நல்லது நடந்தது. பெண் மனம் உருகிக் கோயில் குளத்தில் மூழ்கி எழுகிறாள். இறகு உதிர்கிறது. "முன்னிலும் பொன்னாக அவள் மேனி மின்னியது." அது சாரின் வாக்கியம். பதினோரு வயதில் மேனி என்ற சொல்லை நான் எழுதியதே இல்லை. அடியில் என் பெயர். மன்றத்து விழாவில் எனக்கு ஜியோமெட்ரி பாக்ஸ் பரிசு. எல்லோரும் கை தட்டினீர்கள். நானும் சிரித்துக்கொண்டு வாங்கினேன். தகரத்தில் செய்த மஞ்சள் பெட்டி. முதல் தடவை வீடு மாறியபோது தொலைந்துவிட்டது.

இதுவரை நடந்ததைக்கூட விட்டுவிடுவேன். அடுத்து நடந்ததை விட முடியவில்லை.

நான் அந்த முடிவை நம்பிவிட்டேன். அச்சு மாதிரி எழுத்தில், என் பெயரோடு, முப்பது வீட்டுக் கையெழுத்தோடு வந்தது பொய்யாக இருக்குமா? தினமும் காலையில் நீல பால்பாயிண்ட் பேனாவால் ஒவ்வொரு வெள்ளையையும் சுற்றி ஓரம் வரைவேன். அடுத்த நாள் உள்ளே சுருங்கியிருக்கிறதா என்று பார்ப்பேன். குளித்தால் கோடு அழியும், மறுபடி வரைவேன். கை, கழுத்து, உதட்டோரம்கூட. பேனா முனை குத்தும். கோட்டைத் தாண்டி வெள்ளை வந்திருந்தால் முந்தின நாள் என்ன தப்பு செய்தேன் என்று யோசிப்பேன். நல்ல பெண்ணுக்குத்தானே பழைய உருவம் வரும்? அம்மாவிடம் எதிர்த்துப் பேசினேனா, மீனைப் பற்றி நினைத்தேனா என்று தேடுவேன். ஏதாவது ஒன்று கிடைத்துவிடும்.

ஏரி மீனைக் கூடையில் கொண்டுவரும் மீன்காரக்கா ஒரு நாள் என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். "இன்னாம்மே இது, கை பூரா கோடு போட்டுகினு கீறே? ஊடு கட்டப் போறியா?" என்று சிரித்தார். எனக்கு அழுகையாக வந்தது. கையைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிட்டேன். அப்புறம் அவர் குரல் கேட்டாலே உள்ளே போய்விடுவேன். என்னைத் தொட்ட இன்னொரு ஆளையும் அப்படி நானே விட்டுவிட்டேன்.

பள்ளி திறந்து, மழை தொடங்கிய சமயம். சிநேகிதி ஜன்னல் திரையை விலக்கினாள். நான் ஓடினேன்.

"எங்கம்மா சொன்னாங்க, கதையில வர்ற மாதிரி உனக்குச் சரியாயிடுமாம். சரியானப்புறம் வா, வெளையாடலாம். இப்ப வராதடி."

அவள் நல்ல செய்தியாகத்தான் சொன்னாள். முகம் மலர்ந்திருந்தது. நானும் சரி என்றேன். திரை மூடியது.

அதுதான் எங்கள் வீட்டிலும் பேச்சாகிப் போனது. சரியானப்புறம். பள்ளியில் குரூப் போட்டோவா, சரியானப்புறம் எடுத்துக்கலாம். சொந்தக்காரர் கல்யாணத்துக்கா, சரியானப்புறம் போகலாம். பிறகு, பெண் பார்க்க வருகிறார்களா, சரியானப்புறம் வரச் சொல்லலாம். யாரும் என்னை வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். அப்பா ஓய்வு பெற்று, குவார்ட்டர்ஸைக் காலி செய்து, திருமுல்லைவாயிலில் வாடகைக்குப் போய், அங்கும் காத்திருந்தோம். அம்மா சாகிற வாரம்கூட மாங்காட்டுக்கு இன்னொரு ஆறு வாரம் பாக்கி என்று சொன்னாள்.

எனக்கு இருபத்தைந்து வயது இருக்கும்போது ஒன்று நடந்தது. எங்கள் கம்பெனி ஆவடி டாங்கித் தொழிற்சாலைக்குப் புஷ் என்கிற இரும்பு வளையங்களைச் செய்து கொடுத்தது. ஒரு தொகுதியில் துளையின் அளவு டிராயிங்கில் போட்டதைவிடக் கொஞ்சம் மாறிவிட்டது. நான் அதைத் தனியாக எடுத்து வைத்தேன். தூக்கிப் போட வேண்டியதுதான் என்று நினைத்தேன். எங்கள் மேஸ்திரி, "அவசரப்படாதே, கேட்டு எழுதலாம்" என்றார். தொழிற்சாலைக்கு எழுதிக் கேட்ட படிவம் பத்து நாளில் திரும்பி வந்தது. அளவு மாறியிருக்கிறது, வேலைக்குத் தடை இல்லை, இப்படியே ஏற்கலாம். ஆங்கிலத்தில் எழுதியிருந்தாலும் எழுத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. அச்சு மாதிரி எழுத்து. கீழே சாரின் கையெழுத்து.

அன்றைக்கு அந்த மேஜையில் நான் அழுதேன். புஷ்ஷைப் பொறுக்கி எண்ணெய் தடவி ஒவ்வொன்றாகப் பெட்டியில் வைத்தேன். அதெல்லாம் வண்டியேறிப் போய் எங்கோ பொருந்தி ஓடியிருக்கும்.

நிராகரிப்பு, திருத்தம், இப்படியே ஏற்பது. இந்த வேலையில் இருக்கிற எவருக்கும் தெரியும், மூன்று உண்டு. சார், உங்களுக்கு அது தினசரி வேலை. வருடக்கணக்காக அந்த மூன்றாவதில் கையெழுத்துப் போட்டீர்கள். எங்கள் லைனுக்கு மட்டும் இரண்டு கட்டம் வரைந்தீர்கள்.

இப்போது எனக்கு உடம்பு முழுக்க வெள்ளை. பழைய நிறம் இடது முழங்காலுக்குக் கீழே உள்ளங்கை அளவு மிச்சம் இருக்கிறது. அயனம்பாக்கத்தில் ஏரியைப் பார்த்த மாதிரி ஒரு சின்ன ஃபிளாட்டில் தனியாக இருக்கிறேன். பக்கத்து ஃபிளாட்டில் கம்ப்யூட்டர் வேலைக்கு வந்த மதுரைப் பையனும் அவன் மனைவியும், என்னைப் பிறந்ததிலிருந்தே இந்த நிறம் என்று நினைத்துக்கொண்டு, ஆன்ட்டி நீங்க எந்த ஊரு என்று கேட்டார்கள். ஆவடி என்றேன். மீன் வாரத்துக்கு நான்கு நாள் தின்கிறேன். நான் சாகவும் இல்லை, சரியாகவும் இல்லை. உங்கள் இரண்டு கட்டத்தில் எதிலும் விழாமல் இத்தனை வருடம் ஓட்டியிருக்கிறேன். ஆனால் காத்திருந்த வருடங்கள் போனது போனதுதான்.

ஒன்றுகூடலுக்கு வருகிறேன். முன்வரிசையில் உட்காருவேன். சாருக்குப் பொன்னாடை போர்த்துவீர்கள், சார் பேசுவார். அவருக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது, பழசைக் கிளறாதே என்று எனக்கு யாரும் போன் செய்யாதீர்கள். கதையைத் தேடி எடுத்துக் குழுவில் போட்டது அவர்தான், கண்ணும் கையும் நன்றாகத்தான் வேலை செய்கிறது. சார், நீங்களும் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்ப வேண்டாம், திறக்க மாட்டேன். முப்பது வீட்டையும் வைத்துக் கேட்டீர்கள், முப்பது வீட்டுக்கும் முன்னால் பதில் சொல்லுங்கள். மைக்கைக் கையில் வாங்கியதும், வேறு எதுவும் பேசுவதற்கு முன்னால் சொல்லுங்கள்: அந்தப் பெண் கூழைக்கடாவாகவே வீட்டுக்கு வந்து, உட்கார்ந்து, நாலு வாய் சாப்பிட்டதில் உங்களுக்கு என்ன கஷ்டம்?